பஞ்சமம் வராத அக்கார்டியன்

கிள்ளான் அடகுக்கடையில்
நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கியது.
தோல்மடிப்பில் சைக்கிள் டியூப் ஒட்டு.
ச வரும், ரி வரும், க வரும், ம வரும்.
பஞ்சமம் மட்டும் வராது.
"பஞ்சத்துல வாங்குனதுக்குப்
பஞ்சமம் எங்கிருந்து வரும்?"
என்றாள் ஜெகதாம்பிகை.
அந்த இடம் வந்ததும் இருமினாள்.

அப்படித்தான் தொடங்கியது.
பெஸ்தாரி ஜெயா மாரியம்மன் திருவிழா.
அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் அன்னதானத்துக்கும் நடுவில்
கிடைத்த பத்து நிமிடம்.
நான் பொங்கோ.
பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி,
லாரி எடை எழுதிய விரலால் தாளம் போட்டேன்.

பதாகையில் 'இசைச் சிரிப்பரசி' என்று போடச் சொன்னோம்.
அச்சடித்த பையன் 'இசைச் செருப்பரசி' என்று கொடுத்தான்.
நான் சண்டைக்கு மோட்டாரை எடுத்தேன்.
திரும்பி வருவதற்குள்
ஒரு காலில் சிவப்பு ஜப்பான் சிலிப்பர்,
மறு காலில் பச்சை,
மேடை ஏறிவிட்டாள்.
பதினோரு வருஷம் இறங்கவில்லை.

ஊருக்குப் பேர் மாற்றிய கதையைப் பாடினாள்:
"கேட்டவன் சிரிக்கிறான்னு பேரை மாத்துனாங்க,
புதுப் பேருக்குப் போர்டும் நட்டாங்க,
சடக்குக் குழி மட்டும்
பழைய பேருலயே கெடக்குது."
'பேரு' வரும்போதெல்லாம் ஓர் இருமல்.
முன்வரிசைப் பிள்ளைகள் அவளுக்கு முந்தி இருமின.

இரவு ஷிப்ட் மேருவில், கையுறைத் தொழிற்சாலை.
காற்றடைத்து ஓட்டை தேடும் வேலை.
"ஓட்டையைக் கண்டுபுடிச்சா அங்க சம்பளம்,
ஓட்டையோட வாசிச்சா இங்க கைதட்டு,"
என்பாள் மேகியைக் கிண்டிக்கொண்டே.
பாட்டெல்லாம் எழுதியது கையுறை அட்டைப்பெட்டியின் மூடியில்.
தண்ணீர் லாரிப் பாட்டு,
கிராணி வீட்டு வாத்துப் பாட்டு
(அந்தக் கிராணி நானில்லை),
பந்தல் கணக்குப் பாட்டு.

பந்தல் கணக்குப் பாட்டில்தான் வந்தது வினை.
நாற்காலி இருநூறு, ரசீதில் ஐந்நூறு,
மிச்ச முந்நூறில் உட்கார்ந்தது யார் என்று கேட்டாள்.
தலைவர் எழுந்து போனார்.
நின்றபடி பார்த்தவர்கள்
காலியான நாற்காலியைக் காட்டிச் சிரித்தார்கள்.
இரண்டு திருவிழா எங்களைக் கூப்பிடவில்லை.

பிறகு கோலாலம்பூரில் தொலைக்காட்சித் தேர்வு.
ஊர் மானம் என்று சொல்லி
கிள்ளான் ஆ செங்கிடம் பழுது பார்த்தாள்,
என்னிடம் நாற்பது வெள்ளி கடன் வாங்கி.
பஞ்சமம் வந்தது.
கழுவி வைத்த பித்தளைச் செம்பு போல வந்தது.
நடுவர்கள் மூவரும் தலையாட்டினார்கள்.
ஒருவர் "நல்ல சுருதி" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
திரும்பும் வழியில் ரவாங் டோல் வரை
அவள் பேசவில்லை.
டோலில் காசு எடுக்கும்போது,
"சுருதியாம்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் கல்யாண விருந்து.
கோழிப் பெரட்டல் வரும் நேரம்.
முதல் பாட்டு, முதல் அடி,
விரல் பஞ்சமத்தைத் தொட்டது,
அது ஒலிப்பதற்குள்
நாற்பது மேசையும் சேர்ந்து இருமியது.
மணப்பெண்கூட.
மலாய்க்கார விருந்தினர் இருவர்
தண்ணீர் ஜக்கை நீட்டினார்கள்.

ஜெகதாம்பிகை வாசிப்பை நிறுத்தினாள்.
"என்னய்யா இது, கல்யாண மண்டபமா
காசநோய் கிளினிக்கா?"
என்று கேட்டுவிட்டு
பச்சைச் சிலிப்பரைக் கழற்றித் தரையில் ஓங்கித் தட்டி
விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

மறுவாரம் ஒத்திகையில்
அந்தக் கட்டை மறுபடி ஊமை.
"போச்சுடா, ஆ செங் காசெல்லாம் வீண்," என்றாள்
என் முகத்தைப் பாராமல்.
அவள் தேநீர் வாங்கப் போனபோது பார்த்தேன்.
பஞ்சமத்துக்கு அடியில்
எட்டாக மடித்துச் சொருகிய
நாலு நம்பர் சீட்டு.
விரித்துப் பார்த்தேன்:
போன புதன்கிழமையுடையது,
ஒரு நம்பரில் தவறியது.
இருந்தபடியே மடித்து
இருந்த இடத்தில் வைத்தேன்.

நாற்பது வெள்ளி இன்னும் வரவில்லை.